தொடுவானும் உடைமையும்: வீட்டு அன்ரெனா பற்றிச் சில குறிப்புகள்

தொலைக்காட்சி பற்றித் தமிழில் இதுவரை எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை அதன் உள்ளடக்கத்தையே நோக்கியவை. எத்தகைய நாடகங்கள் காட்டப்படுகின்றன, சினிமாவின் செல்வாக்கு எவ்வளவு, மொழி எவ்வாறு சிதைகின்றது என்பன போன்ற வினாக்களே மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. அவை வேண்டாத வினாக்களல்ல. எனினும், ஒரு நிகழ்ச்சி எந்த வழியால், யாருடைய செலவில், யாருடைய அனுமதியுடன் வீட்டினுள் வந்து சேர்கின்றது என்னும் வினா அவற்றுக்கு முற்பட்டது. அச்சியந்திரத்தையும் காகித விலையையும் விட்டுவிட்டு நாவலின் தோற்றத்தை விளக்கமுடியாது என்று வற்புறுத்திவந்த நமது விமர்சகர்கள், கூரைமேல் நின்ற அலுமினியக் குழாய்களை மட்டும் மின்னியல் அறிந்தோரின் விடயமென ஒதுக்கிவிட்டமை விந்தையே.

கூரை அன்ரெனா பற்றி இரு எண்ணங்கள் பரவலாக உள்ளன. விரும்பிய திசைக்குத் திருப்பக்கூடியதாகையால் அது பார்ப்பவனின் சுதந்திரத்துக்கு அடையாளம் என்பது ஒன்று. காலங்கடந்துபோன பழைய இரும்பு என்பது மற்றையது. இரண்டும் அரை உண்மைகள். அதன் சுதந்திரத்தைப் பௌதிக விதியொன்று மிகவும் குறுக்கிவிடுகின்றது. அவ்விதி, உயரமான இடங்களை உடைமையாகக் கொண்டோருக்கே சாதகமானது. அவ்வாறிருந்தும், கேபிளும் கட்டண டிஷ்ஷும் பின்னர் பறித்துக்கொண்ட ஓர் உறவை அது பேணி நின்றது. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே காண்பதற்கு, முதலில் அக்கருவி எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதைச் சற்று நோக்குதல் வேண்டும்.

வானலை ஓர் உலோகக் குழாயின்மீது படும்போது அதில் மிகச் சிறிய மின்னோட்டம் தோன்றுகின்றது. குழாயின் நீளம் அலைநீளத்தின் பாதியளவாக அமையின் அம்மின்னோட்டம் உச்சமடையும். 200 மெகாஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைநீளம் 1.5 மீற்றர், ஆகவே ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர் குழாய் போதுமானது. 60 மெகாஹேர்ட்ஸ் ஆயின் அலைநீளம் 5 மீற்றர், குழாயும் 2.5 மீற்றராக நீளும். அன்ரெனாவின் அகலத்தைக் கொண்டே அவ்வீட்டார் எந்த நிலையத்தைத் தேடினர் என்று வீதியில் நின்றவாறே ஊகிக்கக்கூடியதாயிருந்தமைக்கு இதுவே காரணம். இந்தக் குழாய்க்குப் பின்னால் அதனிலும் சற்று நீளமான ஒன்றையும், முன்னால் சற்றுக் குறுகிய சிலவற்றையும் ஒரே தண்டில் நிரையாகப் பொருத்தினால் நாமறிந்த மீன்முள் வடிவம் கிடைக்கும். கம்பி இணைக்கப்படுவது ஒன்றில் மட்டுமே. பின்னிற்பது அலையைத் தெறிக்கச் செய்கின்றது. முன்னிற்பவை அதனை வழிப்படுத்துகின்றன. குழாய்கள் கூடக்கூட முன்திசைக் கூர்மை கூடும். ஆனால் ஏனைய திசைகளுக்கு அது செவிடாகும். இல்லாத சக்தியை அன்ரெனா படைப்பதில்லை, ஒரு பக்கத்தை இழந்தே மறுபக்கத்தைப் பெறுகின்றது.

இவ்வமைப்பு 1926 ஆம் ஆண்டு ஜப்பானின் செண்டாய் நகரிலுள்ள தொஹோகுப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிப்பட்டது. ஆய்வின் பெரும்பகுதியைச் செய்தவர் ஷின்தாரோ உடா. உலகில் நிலைத்த பெயரோ அவருடைய மூத்த பேராசிரியரான ஹிதெட்சுகு யாகியின் பெயர். (உழைப்பவன் ஒருவன், பெயர் மற்றொருவனுக்கு என்பது பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும் போலும்.) 1942 இல் சிங்கப்பூரைக் கைப்பற்றிய ஜப்பானிய இராணுவத்தினர், பிரித்தானியரின் றேடார்க் குறிப்புகளில் 'யாகி' என்ற சொல்லைக் கண்டு பொருள் விளங்காது திகைத்தனர் என்பதும், அது தம்நாட்டுப் பேராசிரியரின் பெயர் என்பதைப் பிரித்தானியக் கைதியொருவரிடமே கேட்டறிந்தனர் என்பதும் விஞ்ஞான வரலாற்றில் அடிக்கடி எடுத்துரைக்கப்படுபவை.

பூஸ்ரர் பற்றி ஒரு சொல். அதனைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கருகே வைத்தோர் பலர். கம்பியில் நலிந்துபோன சைகையையும் வழியிற் சேர்ந்த இரைச்சலையும் அது ஒரேயளவிற் பெருக்கித் தரும், புள்ளிகள் நீங்கா. கம்ப உச்சியில், அன்ரெனாவுக்கு அருகே இருந்தாலே அதனாற் பயனுண்டு.

இனித் தொடுவானத்துக்கு வருவோம். தொலைக்காட்சிக்குரிய அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்பவை, பூமியோ வளைவானது. வளிமண்டலம் அலையைச் சிறிது வளைப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு கம்பத்தின் உயரத்தை மீற்றரிற் கொண்டு அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆற் பெருக்க, அதன் தொடுவானம் எத்தனை கிலோமீற்றர் தொலைவிலுள்ளது என்பது பெறப்படும். ஒளிபரப்புக் கோபுரத்துக்கும் வீட்டுக் கம்பத்துக்கும் இவ்வாறு தனித்தனியே கண்டு கூட்டினால், இவ்விரண்டும் ஒன்றையொன்று 'காணக்கூடிய' எல்லை வரும். வீட்டுக் கம்பம் 9 மீற்றராயின் அதன் பங்கு 12 கிலோமீற்றர். மேலும் குழாய் வாங்கி, நாற்புறமும் கம்பியிழுத்துக் கட்டி, 16 மீற்றராக உயர்த்தினால் 16 கிலோமீற்றர். ஏழு மீற்றர் உயரத்துக்கான செலவுக்கும் ஆபத்துக்கும் கிடைத்த ஊதியம் நான்கு கிலோமீற்றரே. மாறாக, 2,100 மீற்றர் மலையொன்றில் நிற்கும் கோபுரத்துக்கு, ஊரவர் எவரும் எதுவும் செய்யாமலே, 189 கிலோமீற்றர் உரித்தாகின்றது. கணிதத்தில் வரும் வர்க்கமூலத்திலும் ஒரு வர்க்கச் சார்பு உண்டென்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகின்றது. மலையை வைத்திருப்பவன் தொடுவானத்தையும் வைத்திருக்கின்றான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலையை இவ்வளவுகோல் கொண்டு நோக்கலாம். இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகல 2,524 மீற்றர். அதன் தொடுவானம் ஏறத்தாழ 207 கிலோமீற்றர். யாழ்ப்பாண நகரமோ அங்கிருந்து 290 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. ஆகவே தலைநகரின் ஒளிபரப்பு வடக்கிற்குக் கொக்காவிலில் அமைந்த மறுஒளிபரப்பு நிலையத்தினூடாகவே வரவேண்டியிருந்தது. மறுபுறம், 1980களின் பிற்பகுதியில் தூரதர்ஷன் உயர்வலு ஒளிபரப்பியொன்றை நிறுவிய கொடைக்கானல், யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 285 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. கணக்கின்படி அதுவும் எட்டாதது. ஆனால் இடையிற் கிடப்பதில் ஒரு பகுதி கடல். பருவக்காற்று ஓய்ந்த வெப்பமான நாட்களில், நிலத்திலிருந்து பெயரும் சூடான உலர்காற்று கடல்மீதுள்ள ஈரக்காற்றின் மேற் படியும்போது, அவ்விரு படைகளின் எல்லை அலைகளைக் கீழ்நோக்கி வளைத்துத் தொடுவானத்துக்கு அப்பாலும் கொண்டு செல்லும். ஒரு மாலை தெளிவான படமும் மறுநாள் வெறும் இரைச்சலும் வந்தமைக்குப் பெட்டியையோ அன்ரெனாவைத் திருப்பிய பையனையோ குறைசொல்லிப் பயனில்லை. 1990களின் நடுப்பகுதியில் இராமேஸ்வரத்தில் 323 மீற்றர்க் கோபுரம் எழுந்தபோது நிலைமை மாறியது. அதன் தொடுவானம் 74 கிலோமீற்றர். 9 மீற்றர் வீட்டுக் கம்பத்தின் 12 ஐயும் கூட்ட 86. இராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாண நகரம் 90 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதாவது நகரம் எல்லைக்கோட்டின் மேலேயே கிடந்தது. இவ்வாறு ஒரே கூரைமேல் மேற்கு-வடமேற்கு, தென்மேற்கு, தென்கிழக்கு எனத் திசைகள் போட்டியிட்டன.

இத்திசைகளுக்குப் பின்னால் ஒரு பொருளாதார வரலாறும் உண்டு. 1970களின் முற்பகுதியில் ஐக்கிய முன்னணி அரசாங்கம் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியமையும், அதன் விளைவாக ஈழத்து நாவல் வெளியீடு, குறிப்பாக வீரகேசரிப் பிரசுரங்கள் வாயிலாக, ஊக்கம் பெற்றமையும் இலக்கிய வரலாற்று மாணவர் அறிந்தவை. காகிதம் துறைமுகத்தினூடாக வருவது. ஆகவே அதனைச் சுங்க அதிகாரியால் மறிக்கமுடிந்தது. 1977 இன் திறந்த பொருளாதாரம் இறக்குமதிப் பெட்டிகளுக்குக் கதவைத் திறந்தது. 1979 ஏப்ரலில் தனியார் முயற்சியாக ஆரம்பித்த சுயாதீன தொலைக்காட்சி சில வாரங்களிலேயே அரசின் கைக்கு மாறிற்று. 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி தொடங்கிற்று. நிலையத்தைக் கொடையாக அளித்த நாடே பெட்டிகளை விற்கும் நாடாகவும் இருந்தமை தற்செயலென்று கொள்ளவேண்டியதில்லை. இலங்கையும் இந்தியாவும் 625 வரிப் பால் முறையையே கைக்கொண்டமையால், ரூபவாஹினிக்காக வாங்கிய பெட்டி தூரதர்ஷனையும் காட்டிற்று. சஞ்சிகையை மறிக்கமுடிந்த அரசுக்கு 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியை மறிக்க வழியிருக்கவில்லை. இதனைப் பண்பாட்டு விடுதலை என்று போற்றுவோரும் உளர். ஆனால் வந்து சேர்ந்தது பெரும்பாலும் தமிழ்ச் சினிமாப் பாடலும், இரவானதும் டில்லியின் இந்தி நிகழ்ச்சியுமே என்பதையும் மறத்தலாகாது. ஒரு மையத்தின் ஆதிக்கத்திலிருந்து மற்றொரு மையத்தின் பக்கம் திரும்புவதற்கான உரிமையே அந்தக் குழாய் அளித்த உரிமை.

எனினும் அவ்வுரிமையை அற்பமெனத் தள்ளிவிடுதல் தவறு. அதனைச் சோஷலிச அரசொன்றே அஞ்சியது. 1961 இல் பேர்லின் சுவர் எழுந்ததையடுத்து, ஜேர்மன் ஜனநாயகக் குடியரசில் இளைஞர் அமைப்பினர் கூரைகளில் ஏறி மேற்கு நோக்கிய அன்ரெனாக்களைத் திருப்பியும் அறுத்தும் வந்தனர். எல்லைக்கப்பால் ஒளிபரப்பி நின்ற பவேரிய மலையாகிய ஒக்சன்கொப்ஃபின் பெயரே அவ்வியக்கத்துக்கும் இடப்பட்டது. 1970களில் அரசு அதனைக் கைவிட்டு, மேற்கின் நிகழ்ச்சிகளைப் பார்ப்பதைப் பொறுத்துக்கொண்டது. பள்ளத்தாக்கில் அமைந்தமையால் மேற்கு அலை எட்டாத ட்ரெஸ்டன் பகுதியை 'ஒன்றுமறியாதோர் பள்ளத்தாக்கு' என மக்கள் எள்ளினர். மக்களின் ஆர்வத்தை விவாதத்தால் எதிர்கொள்ளாது வாள்கொண்டு அலுமினியத்தை அறுத்தமை, மார்க்ஸியத்தின் பெயரால் நிகழ்ந்தது என்பதற்காக நாம் பேசாதுவிடக்கூடியதன்று.

யுத்தம் இப்பிரச்சினையை வேறொரு முறையில் தீர்த்துவைத்தது. 1990 இல் மோதல் மீண்டும் மூண்டபோது குடாநாட்டிற்கான மின்வழங்கல் ஆண்டுக்கணக்கில் அற்றுப்போயிற்று; கொக்காவில் நிலையமும் அவ்வாண்டு யூலையில் இராணுவ முகாமுடன் வீழ்ந்தது. அன்ரெனாக்கள் கூரைகளில் நின்றன, கீழே சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். கொக்காவிலில் 174 மீற்றர்ப் புதிய கோபுரம் 2011 யூனிலேயே திறக்கப்பட்டது. வானொலி பகிர்ந்தளிக்கும் கருவியாக அன்றி இருவழித் தொடர்பின் கருவியாக வேண்டுமென்று 1932 இல் பிறெக்ற் வாதிட்டார். பௌதிக அளவில் அன்ரெனாவுக்கு இதில் ஆட்சேபமில்லை. அதே குழாய் வாங்கவும் வல்லது, அனுப்பவும் வல்லது. அனுப்புவதைத் தடுத்தது அலுமினியமன்று, சட்டமும் மூலதனமும்.

அன்ரெனா பேணிய உறவு யாது? வானலை பொருளியலில் ஒரு விசித்திரமான பண்டம். ஒரு வீடு வாங்குவதனால் அயல்வீட்டுக்கு அது குறைவதில்லை. புதிதாய் ஒருவர் கம்பம் நட்டால் ஒளிபரப்புவோருக்கு ஒரு சதமும் மேலதிகச் செலவில்லை. பார்ப்பவர் ஒருமுறை குழாயும் கம்பியும் வாங்கினார், அத்துடன் கணக்கு முடிந்தது. அவர் எதைப் பார்த்தார் என்பதை எவரும் அறியார். அவரைத் துண்டிக்கவும் இயலாது. இதனை முற்றாகச் சந்தைக்கு வெளியே நின்ற பொதுச்சொத்தெனச் சொல்வதற்கில்லை. விளம்பரதாரனுக்கு விற்கப்படும் பண்டம் பார்வையாளரே என்று 1977 இல் டல்லஸ் ஸ்மைத் காட்டியது இங்கும் பொருந்தும். எனினும் வாங்குதல் என்னும் செயல் தன்னளவில் வாடகைக்கு உட்படவில்லை. கட்டணத் தொலைக்காட்சி முதலிற் செய்யவேண்டியிருந்தது வேலி போடுதலே. எல்லோர் முற்றத்திலும் விழும் அலையை மறைகுறியாக்கி, திறப்பை மாதக் கட்டணத்துக்குக் கொடுப்பது. கட்டணம் தவறினால் இருட்டு. கிடுகு வேலியின் பொருளியலை நன்கறிந்த சமூகமொன்று இவ்வேலியைக் கவனியாது விட்டது. செய்மதி என்ற தொழினுட்பமே இதற்குக் காரணமன்று என்பதற்கு, 2004 இல் இந்தியாவில் மாதக்கட்டணமின்றித் தொடங்கிய தூரதர்ஷனின் செய்மதிச் சேவையே சான்று. தொழினுட்பம் தானாகச் சமூகத்தை ஆக்குவதில்லை என்று 1974 இல் றேமண்ட் வில்லியம்ஸ் தொலைக்காட்சியை வைத்தே நிறுவ முயன்றார். இவ்விடயத்தில் அவரே நமக்கு உகந்த வழிகாட்டி.

இலக்கமுறை மாற்றம் இவ்வினாவை மீண்டும் எழுப்புகின்றது. பழைய முறையில் சைகை நலியும்போது படம் படிப்படியாகவே கெடும். புள்ளிகளுக்கிடையே முகத்தை அடையாளங்கண்டு பார்த்தவர்களே எல்லைப்புறப் பார்வையாளர்கள். இலக்கமுறையில் குறித்த அளவுக்கு மேல் முழுப்படம், கீழே எதுவுமில்லை. 86 கிலோமீற்றர் எல்லையில் நின்ற ஊர் இனிக் கோட்டுக்கு உள்ளே அல்லது வெளியே. இலங்கை 2014 இல் ஜப்பானிய ஐ.எஸ்.டி.பி.-ரி முறையைத் தெரிவுசெய்தது. தூரதர்ஷன் தன் இலக்கமுறை ஒளிபரப்புக்கு ஐரோப்பிய டி.வி.பி.-ரி2 முறையைக் கொண்டது. ஒரு முறைக்கான பெட்டி மற்றதை வாசிக்காது. பழைய ஒளிபரப்பிகளை, கேந்திர இடங்கள் சிலவற்றில் உள்ளவை நீங்கலாக, 2022 மார்ச்சுக்குள் நிறுத்துவதாகவும் இந்தியா 2021 இல் அறிவித்தது. கடலைத் தாண்டிய அந்தப் பொதுமை இவ்வாறு அறுபடுகின்றது. அலுமினியக் குழாய்க்கோ பழைய முறை, இலக்கமுறை என்ற வேறுபாடு தெரியாது; அலைநீளத்துக்கேற்ற அளவில் வெட்டப்பட்டால் இரண்டையும் ஒரேவிதமாக வாங்கித்தரும். வேறுபாடு அதன் கீழுள்ள பெட்டியில். அப்பெட்டியின் விலை யார்மேற் சுமத்தப்படும், அதனுள் கட்டணப் பூட்டுக்கு இடம் விடப்படுமா, உரிமம்பெறும் நிலையங்கள் மறைகுறியின்றி ஒளிபரப்பச் சட்டத்தாற் கட்டாயப்படுத்தப்படுமா என்பவற்றைப் பொறியியலாளரிடமும் விற்பனையாளரிடமும் மட்டும் விட்டுவைக்கலாகாது.