உங்களுக்குத் தெரியுமா? தாமே எழுதி, தாமே பாடுகிறவர்கள்

◆ எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று ஒரு கர்நாடக வித்வான் சென்னைத் தமிழில் பாடினார். 2017 ஜனவரியில் வெளியான ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ அது. பாடியவர் டி.எம்.கிருஷ்ணா. ஆர்.கே.ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக மெட்டமைத்தார். ஆனந்தபைரவி, பேகடா, ஹமீர்கல்யாணி என்று நகரும். எழுதியவர் பெயர்தான் பலருக்குத் தெரியாது: கபேர் வாசுகி. பாட்டை எழுதி, மெட்டுப் போட்டுத் தானே பாடும் சென்னைக் கலைஞர். சினிமாவுக்கு வெளியே தமிழ்ப் பாட்டு தேடுகிறவர்கள் அவருடைய ‘அழகு புரட்சி’ ஆல்பத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

◆ அந்தக் கழிமுகத்துக்கு வடக்கேதான் காட்டுப்பள்ளி. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும். 2010-இல் இங்கே திறந்த ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கி நகரத்துக்கு அனுப்பும் அளவில் கட்டப்பட்டது. அடுத்து துறைமுகம் வந்தது. அதை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கருக்கு விரிக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்து வருகிறார்கள். புறம்போக்குப் பாடலின் கோபம் இந்தக் கழிமுகத்துக்காகத்தான்.

◆ 1920 ஆகஸ்டில் பாடகி மேமி ஸ்மித் பதிவு செய்த ‘கிரேஸி ப்ளூஸ்’ விற்ற வேகத்தைப் பார்த்த பிறகுதான் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினப் பாடகர்களைத் தேடிப் போயின. மிசிசிப்பி பருத்திப் பண்ணையில் வேலை செய்த மடி வாட்டர்ஸின் பாட்டை நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1941-இல் ஒலிப்பதிவு செய்தார். 1943-இல் மடி வேலை தேடி சிகாகோ போனார். அங்கே அவர் மின்சார கிடாருக்கு மாற, ப்ளூஸ் என்ற அந்தக் கறுப்பின இசையின் ஓசையே மாறியது.

◆ பிழைப்புக்காக நகரத்துக்கு வந்தவர்களின் பாட்டு நமக்கும் உண்டு: சென்னையின் கானா. சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் மரண கானா அதில் ஒரு வகை. இறந்தவர் பெயரையும் வாழ்க்கையையும் அங்கேயே பாட்டில் கோத்துவிடுவார்கள். இதையெல்லாம் எழுதிப் பாடியவர்களில் எத்தனை பேருக்கு ஒரு கேசட்டிலாவது பெயர் கிடைத்தது? பாட்டைச் சினிமா எடுத்துக்கொண்டது. பாடினவரைப் பெரும்பாலும் மறந்துவிட்டது. அதனால்தான் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முக்கியமாகிறது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் முயற்சியில், டென்மாவின் இசைத் தலைமையில் உருவான குழு. கானாவோடு ராக்கும் ராப்பும் சேர்ந்தன. ஆண்களே நிறைந்திருந்த கானாவில், ராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி இந்தக் குழு வழியாகப் பெயர் பெற்றார். 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலிலும் இடம்பெற்றார்.

◆ ப்ளூஸ் கலைஞர் தாஜ் மஹால் சித்ரவீணையோடு ஓர் ஆல்பம் செய்திருக்கிறார். பெயர் ‘மும்தாஜ் மஹால்’, 1995. சித்ரவீணை என்.ரவிகிரண், மோகன வீணை விஸ்வ மோகன் பட். வெளியிட்டவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். சித்ரவீணையில் மெட்டுக்கட்டை கிடையாது. உருளையைத் தந்தி மேல் இழுத்துத்தான் ஸ்வரம் பிடிக்க வேண்டும். பழைய ப்ளூஸ்காரர்கள் கண்ணாடி பாட்டிலின் கழுத்தையோ கத்தியையோ கிடாரில் இழுத்ததும் அதே வித்தைதான். அந்த ஆல்பத்தில், பழைய ப்ளூஸ்காரர் ராபர்ட் ஜான்சனின் பாட்டில் சித்ரவீணையும் ப்ளூஸும் சேரும் இடத்தைக் கேளுங்கள். ஒட்டுப்போட்ட தையல் தெரியாது.

◆ லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த சுசீலா ராமனின் முதல் ஆல்பம் ‘சால்ட் ரெயின்’ (2001) மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. 2011-இல் வந்த ‘வேல்’ ஆல்பத்தில் முருகன் பாட்டுகளை ராக் வேகத்தில் பாடியிருக்கிறார்.

◆ 1969-இல் உட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய சுவாமி சச்சிதானந்தா, கோவை அருகே செட்டிபாளையத்தில் பிறந்தவர். ஆலிஸ் கோல்ட்ரேனின் புகழ்பெற்ற ஜாஸ் ஆல்பம் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ (1971) அவர் பெயரில்தான். அந்த ஆலிஸை நெஞ்சில் வைத்து, 2024-இல் ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’ ஆல்பத்தைத் தந்தவர் பாடகி கானவ்யா. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். ஜாஸ் கலைஞர்கள் எஸ்பரான்சா ஸ்பால்டிங், விஜய் ஐயர் எல்லாரும் அதில் உண்டு. 2025-இல் ‘நிலம்’ வந்தது. ஜாஸ் பழக்கமில்லாதவர்கள் 2018-இல் வந்த ‘ஐக்யம்: ஒண்ணு’ ஆல்பத்தில் தொடங்கலாம்; பழைய ஜாஸ் பாட்டுகளைத் தமிழிலேயே பாடியிருக்கிறார்.