டுசல்டோர்ஃபில் உறை ஊற்றுவது எப்படி?

தயிர் வேண்டுமானால் கையில் கொஞ்சம் தயிர் இருக்க வேண்டும். ஜெர்மனியில் குடியேறுவதும் ஏறக்குறைய அந்தக் கதைதான். வாடகைக்கு வீடு கேட்டால், வீட்டுக்காரர் உள்ளூர்ச் சம்பளச் சீட்டு கேட்பார். கடன் பாக்கி இல்லை என்று காட்டும் ‘ஷூஃபா’ சான்றும் கேட்பார். சம்பளம் வாங்க வங்கிக் கணக்கு வேண்டும். வங்கிக்குப் போனால், பல வங்கிகள் முகவரிப் பதிவைக் கேட்கும். பதிவுக்கு வீடு வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம்! இந்தச் சுற்றை உடைக்க ஒரு கரண்டி உறைமோர் போதும்.

முதலில் பால் காய்ச்ச வேண்டும். இது ஊரிலேயே முடிகிற வேலை. சென்னையில் ஜெர்மன் துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கே வேலைக்கான நீண்டகால விசா, அதாவது ‘டி’ வகை விசா, வாங்க வேண்டும். பட்டச் சான்று, திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் அசலைக் கைப்பையிலேயே வையுங்கள். மிக்ஸியைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் போட வேண்டும். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பால் பொருளையும் இறைச்சியையும் கொண்டுவரக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்குக்கூடத் தாவர நலச் சான்று கேட்பார்கள்; தேங்காய்க்குக் கேட்க மாட்டார்கள். (நிஜ உறைமோருக்கும் அதே தடைதான். கவலை வேண்டாம், அங்கே கடையில் விற்கும் சாதாரணத் தயிரே உறைக்குப் போதும்.)

அடுத்தது உறை. அதுதான் உங்கள் முதல் முகவரி. நிரந்தர வீடாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கட்டில், நாற்காலியோடு சில மாதங்களுக்குக் கிடைக்கும் தற்காலிக வீடோ, யாரோ உள்வாடகைக்கு விடும் ஓர் அறையோ போதும். ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த முகவரியில் அன்மெல்டுங் செய்யலாமா?” அன்மெல்டுங் என்பது முகவரிப் பதிவு. முடியாது என்றால், அந்த அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் பயனில்லை. உறை இல்லாத பால் தயிராகாது, திரிந்துதான் போகும்.

முகவரி கிடைத்தாயிற்று. இப்போது ஊற்றலாம். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் மாநகராட்சியின் ‘ப்யூர்கர்ப்யூரோ’வில் பதிய வேண்டும் என்பது சட்டம். ஆன்லைனில் நேரம் குறித்துக்கொண்டு போக வேண்டும். பாஸ்போர்ட்டோடு, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ஒரு தாளும் தேவை. அதில் நீங்கள் குடிவந்த தேதி இருக்கும். 2015 நவம்பரிலிருந்து இந்தத் தாள் கட்டாயம். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. வசிக்காத வீட்டுக்கு இந்தத் தாளைக் காசுக்கு விற்கிறவர்களும் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள்: பொய்யாக முகவரி கொடுக்கிறவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது.

உறை ஊற்றியபின் பாத்திரத்தை அசைக்கக் கூடாது. இந்தக் கட்டத்தில்தான் நம்மவர்கள் அவசரப்படுவார்கள். பதிவுச் செய்தி உள்ளே பல அலுவலகங்களுக்குத் தானாகப் போகிறது. அங்கிருந்து பதில் தபாலில் வரும். முதலில் எதிர்பார்க்க வேண்டியது 11 இலக்க வரி எண். அது இல்லாமல் நாள் தள்ளிக்கொண்டே போனால், சம்பளத்தில் ஆறாம் வகுப்பில் வரி பிடிப்பார்கள். அதுதான் இருப்பதிலேயே கடுமையான பிடித்தம். அதனால் தபால் பெட்டியைப் பாருங்கள், அதில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா? ஜெர்மனியில் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் இருக்கும் வீடுகளுக்குப் பெரும்பாலும் தனித்தனி எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். எந்தக் கையேட்டையும் விட இந்தச் சின்னச் சீட்டு முக்கியம் என்பேன். இதே பெட்டிக்கு, யாரும் கேட்காமலே, வானொலி-தொலைக்காட்சிக் கட்டணக் கடிதமும் வரும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. “என்னிடம் டிவியே இல்லை” என்று சொல்லிப் பயனில்லை.

பிறகு தயிர் உறையத் தொடங்கும். பதிவுத்தாளைக் காட்டி வங்கிக் கணக்கு திறக்கலாம். அலுவலகம் கேட்கும் மருத்துவக் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கலாம். அரசு வகைக் காப்பீட்டில் பாதியை நிறுவனம் கட்டும். வருமானம் இல்லாத துணைவரும் பிள்ளைகளும் கூடுதல் கட்டணமின்றிச் சேரலாம். விசா முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அட்டை பெர்லினில் அச்சாகி வர வாரக்கணக்கில் ஆகும்.

கையில் சில சம்பளச் சீட்டுகள் சேர்ந்ததும் நிரந்தர வீடு தேடலாம். விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் வாடகை பெரும்பாலும் ‘கால்ட்மீட்ட’, அதாவது சூடேற்றும் செலவு, தண்ணீர், குப்பைச் செலவு சேராத தொகை. முன்பணம் இந்தத் தொகையில் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது; அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டைப் பார்க்கப் போகும்போது சமையலறையைத் திறந்து பாருங்கள். பல வீடுகளில் அடுப்பு, தொட்டி, அலமாரி எதுவும் இருக்காது, சுவரில் குழாய் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். முன்பு இருந்தவர் சமையலறையைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார், அது அங்கே வழக்கம்! ‘ஐன்பவ்க்யூஹெ’ என்று விளம்பரத்தில் இருந்தால் சமையலறையோடு வருகிறது என்று பொருள்.

டுசல்டோர்ஃபில் வாடகை அதிகம் என்று ரைன் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள நொய்ஸுக்கோ, பக்கத்து ராட்டிங்கனுக்கோ போகிறவர்கள் உண்டு. ரயிலில் சில நிமிடம்தான். ஆனால் அவை தனி ஊர்கள், பதிவு அலுவலகமும் அந்த ஊருடையது. மறுபடி இரண்டு வாரக் கெடு, மறுபடி வீட்டுக்காரரின் தாள். ஜெர்மனிக்குள்ளேயே மாறும்போது பழைய முகவரியை நீக்கத் தனியாகப் போக வேண்டியதில்லை, புதிய இடத்தில் பதிந்தால் போதும். வரி எண் மட்டும் மாறாது. முதல் அறையின் பெட்டிக்கு வந்த அதே 11 இலக்கம்தான் ஆயுளுக்கும்.