மின்சாரம் மிகுந்த நாளில் மின்தடை ஏன்?

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியுடன் தொடுகையுற்றமையே காரணம் எனக் கூறப்பட்டபோது பலரும் நகைத்தனர். ஆயினும், ஒரு குரங்கினால் முழு நாட்டினதும் மின்விநியோகம் எவ்வாறு செயலிழக்க முடியும் என்ற வினா நகைத்து ஒதுக்கத்தக்கதன்று.

விடுமுறை நாளாகையால் அன்று மின்சாரத் தேவை குறைவாகவிருந்தது. வெயிலோ கடுமையாகவிருந்தது. எனவே, தேவையின் பெரும்பங்கைச் சூரிய சக்தியே ஈடு செய்தது. இவ்விடத்தில் ஓர் அடிப்படை உண்மையை விளங்கிக்கொள்ள வேண்டும். நிலக்கரி, எண்ணெய், நீர், அணுசக்தி ஆகிய அனைத்தும் பாரிய சுழலிகளைச் சுழற்றியே மின்சாரத்தைப் பிறப்பிக்கின்றன. எங்கேனும் திடீர்க் கோளாறு ஏற்படின், பல தொன் நிறையுடைய அச்சுழலிகளின் சடத்துவமானது 50 ஹேர்ட்ஸ் மீடிறன் சடுதியாக மாறாது சில விநாடிகள் தாங்கிப் பிடிக்கின்றது. ஓடும் புகையிரதம் உடனே நின்றுவிடாததைப் போன்றதே இது. சூரியப் படலங்களிற் சுழலும் பகுதி எதுவுமில்லை. சுழலிகள் குறைந்திருந்த வேளையில் நேர்ந்த சிறு கோளாறு, நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் மூன்று அலகுகளையும் நிறுத்திவிட்டது. தலா 300 மெகாவாட் வலுவுடைய அவ்வலகுகளை உடனடியாக மீள இயக்க முடியாமற் போனதால், அடுத்து வந்த நாட்களிலும் மின்வெட்டை அனுபவித்தோம்.

அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், கூரைகளிற் பொருத்தப்பட்ட சூரியப் படலங்களைப் பகல் வேளையில் நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை கோரியது. கடன்பட்டு அவற்றைப் பொருத்திய குடும்பங்களுக்கு இது பேரிடியாக அமைந்தது. இறக்குமதி செய்யப்பட்ட நிலக்கரி எரிய, இலவசமாகக் கிடைக்கும் சூரிய ஒளி வீணாக வேண்டுமா என்ற அவர்களது கேள்வியில் நியாயமுண்டு. ஆனால், நிலக்கரி அலகுகளை ஓரளவுக்குக் கீழே தணிக்கவியலாது. முற்றாக நிறுத்தினால், சூரியன் மறைந்தபின் மாலை 6.30 மணியளவில் உச்சம் பெறும் தேவைக்கு அவற்றை உரிய நேரத்தில் மீள இயக்கவும் இயலாது.

இதற்கு அணு மின் நிலையமே தீர்வெனச் சிலர் வாதிடுகின்றனர். பிரான்ஸ் நாட்டின் அணு உலைகள் தேவைக்கேற்ப உற்பத்தியைக் கூட்டவும் குறைக்கவும் பழகியவை என்பது உண்மையே. எனினும், அணு மின்சாரத்தின் செலவிற் பெரும்பகுதி நிர்மாணச் செலவாகும். உற்பத்தியைக் குறைப்பதால் மிச்சமாவது சொற்பமே. கடலுக்கு அப்பால் கூடங்குளத்திலுள்ள உலை ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் வலுவுடையது. உச்சத் தேவையே 3,000 மெகாவாட்டுக்குக் குறைவான எமது தீவில், அத்தகைய ஒற்றை உலை திடீரென நின்றால் நேரக்கூடிய விளைவை விபரிக்க வேண்டியதில்லை.

ஆகவே, பழையதும் புதியதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அவற்றை இணைக்கும் பாலமே எம்மிடம் போதாதுள்ளது. பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் மின்கலத் தொகுதிகள், மஹா ஓயாவில் 600 மெகாவாட் வலுவுடன் திட்டமிடப்பட்டது போன்ற நீரேற்று மின் நிலையங்கள், கூரைப் படலங்களையும் கட்டுப்பாட்டு நிலையம் கண்காணிக்கும் ஏற்பாடு என்பனவே அப்பாலமாகும். ஏற்கனவே எம்மிடமுள்ள நீர்மின் நிலையங்கள் சில நிமிடங்களில் உற்பத்தியை மாற்றவல்லவை என்பதும் நமது அனுகூலமே.

2022 ஆம் ஆண்டில் எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணியின்றி நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் மின்வெட்டை எதிர்கொண்டதை மக்கள் மறந்துவிடவில்லை. 2030 ஆம் ஆண்டளவில் 70 சதவீத மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென இலக்கு வகுத்தவர்கள், சேமிப்புக்கும் அதே முன்னுரிமையை வழங்கியிருக்க வேண்டும். திட்டமிடாமையின் சுமையை, அரசின் அழைப்பை நம்பி முதலிட்ட குடிமக்களின் தலையில் ஏற்றுவது நீதியாகாது என்பதை உரியவர்கள் உணர வேண்டும்.