2021 அக்டோபர் 31-க்குப் பிறகு கரோனா கணக்கை எங்கே பார்ப்பது?

2021 அக்டோபர் 31-ஆம் தேதியோடு, கரோனா எண்ணிக்கையைத் தொகுத்துவந்த ‘கோவிட்19இந்தியா’ தளம் புதிய எண்ணிக்கை ஏற்றுவதை நிறுத்தியது. தளத்தை நடத்தியவர்கள் ஆகஸ்டிலேயே இதை அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் வாலாஜாபாத், ஒரகடம் பக்கமிருந்து வந்த கடிதங்கள் பலவும், “அரசு ஏன் தளத்தை மூடுகிறது?” என்று கேட்டன. அது அரசுத் தளமே அல்ல. 2020 மார்ச்சில் தொடங்கி, தன்னார்வலர்கள் சொந்த வேலைகளுக்கு நடுவே நடத்திவந்தது.

அவர்கள் செய்த வேலை எளிமையானது. அதனாலேயே வியக்க வைக்கிறது. தமிழக சுகாதாரத் துறை தினமும் மாலையில் பிடிஎஃப் கோப்பாக ஓர் அறிக்கை வெளியிட்டுவந்தது. அதில் மாவட்டவாரி அட்டவணை இருந்தது. அதன் அடியில், எந்த மாவட்டத்திலும் சேராத விமான நிலைய, ரயில் பயணிகளின் கணக்கு தனி வரிகளில் வந்தது. பிறகு இறந்தவர்கள் பட்டியல். தன்னார்வலர்கள் இதை வாசித்து, கூகுள் தாளில் ஏற்றி, சரிபார்த்து, யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்தார்கள். ஒன்றிய சுகாதார அமைச்சகம் குறித்த நேரத்தில்தான் கணக்கைப் புதுப்பித்தது. இவர்களோ மாநில அறிக்கைகள் வர வர ஏற்றினார்கள். இரண்டு எண்களும் பொருந்தாமல் போனதற்குப் பெரும்பாலும் இந்த நேர வித்தியாசமே காரணம்.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. மாநில அரசு எண்ணாத மரணத்தைத் தன்னார்வலரும் எண்ண முடியாது. மரணங்களை மறைக்கவில்லை என்றே தமிழக அரசு சொல்லிவந்தது. ஆனால் 2020 ஜூலை 22 அன்று, விடுபட்டிருந்த 444 மரணங்கள் ஒரே நாளில் கணக்கில் சேர்ந்தன. அன்று புதிதாக அறிவிக்கப்பட்டவை 74. ஆக மொத்தம் 518. அந்த 444 பேரும் பல வாரங்களுக்கு முன்பே இறந்துபோனவர்கள். நாள்வாரி வரைபடத்திலோ ஜூலை 22-இல் ஒரு செங்குத்துக் கோடு எழும்புகிறது. ஏற்றியவர் கை தவறவில்லை. அரசு எந்த நாளில் சொன்னதோ, அந்த நாளில்தான் மரணம் பதிவானது.

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகள்:

பழைய தரவு அழிந்துவிடுமா? இல்லை, திறந்தே வைக்கப்பட்டது.

தளம் நின்ற பிறகு எங்கே பார்ப்பது? சுகாதாரத் துறையின் அதே மாலை அறிக்கையில் பார்க்க முடிந்தது.

வாலாஜாபாத்துக்குத் தனிக் கணக்கு இருந்ததா? அறிக்கையில் இல்லை, காஞ்சிபுரம் மாவட்ட எண்ணுக்குள் அடங்கியது. வாலாஜாபேட்டை வேறு ஊர், ராணிப்பேட்டை மாவட்டம்.

இறந்துபோன உறவினரை அறிக்கையின் பட்டியலில் தேட முடியுமா? பெயர் இருக்காது. வயது, மருத்துவமனையில் சேர்த்த தேதி, இறந்த தேதி இவற்றை வைத்துத்தான் ஒவ்வொரு வரியாகத் தேட வேண்டும்.