அழித்த கோப்புக்கு எத்தனை நாள் ஆயுள்?

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், கணக்கேடுகளைக் கணிப்பொறியில் பேணிவரும் ஒரு வணிகக் கம்பெனி உள்ளதெனக் கொள்க. ஏப்ரல் 10 அன்று குமாஸ்தா ஒருவர் முந்தைய ஆண்டின் கணக்குக் கோப்பைத் தவறுதலாக அழித்துவிடுகிறார். இரவுதோறும் காப்பு நகல் எடுக்கப்படுவதால் எவரும் கவலையுறுவதில்லை. ஜூலையில் தணிக்கையாளர் கேட்கும்போதோ, நகலும் இல்லை!

இதில் இயந்திரக் கோளாறு எதுவுமில்லை. காப்பு மென்பொருள் ஒவ்வோர் இரவும் கணிப்பொறியிலுள்ள கோப்புகளைத் தன் பட்டியலோடு ஒப்பிடுகின்றது. ஒரு கோப்பு மறைந்திருப்பின், அதன் நகலை உடனே நீக்குவதில்லை. 'செயலற்றது' என்று குறித்துக்கொள்கிறது. அப்பொழுதே தவணை ஓடத் தொடங்கிவிடுகிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஸ்டோரேஜ் புரொடெக்ட் என்னும் மென்பொருளை எடுத்துக்கொண்டால், அதனுடன் வரும் அமைப்பை எவரும் மாற்றாதவரை, இருக்கும் கோப்புக்கு 2 பதிப்புகள் காக்கப்படும். கோப்பு அழிந்தபின் ஒன்றே எஞ்சும்; அதற்கும் ஆயுள் 60 நாள்தான். ஜூன் 9-ஆம் தேதியோடு கெடு தீர்ந்தது.

கெடு தீர்ந்ததும் முதலில் நீங்குவது பட்டியலிலுள்ள பதிவேயாகும். காந்த நாடாவில் தரவு இன்னும் சிறிது காலம் கிடக்கலாம். ஆயினும் அட்டவணைச் சீட்டை இழந்த நூலகப் புத்தகம் போன்று, அதை அம்மென்பொருளால் தேடி எடுக்க இயலாது.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 128-ஆம் பிரிவில், கணக்கேடுகளை 8 நிதியாண்டுகளுக்குப் பேணுமாறு பணிக்கிறது. மின்னணுக் கணக்குகளுக்கு இந்தியாவிலுள்ள கணிப்பொறியில் நாள்தோறும் காப்பு நகல் வைக்க வேண்டுமென 2022-இல் விதி திருத்தப்பட்டது. கணக்குக் கோப்புகளுக்கு மட்டும் அந்த 60-ஐ உயர்த்துவதற்குப் புதிய இயந்திரம் தேவையில்லை. கூடுதல் நாடாவும் நிர்வாகியின் சில நிமிட வேலையும் போதும். எனினும் காலாவதியாகிப்போன பதிவை அம்மாற்றம் மீட்டுத் தராது.