பழுதான இயந்திரமும் பனிக்காலமும்

கோடையில் ஹெட் கேஸ்கெட் பழுதாகிச் சூடேறி நின்ற காருக்கு, கூலன்ட் குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி இரண்டொரு மாதம் ஓட்டிவிட்டு, "வின்டர் போகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று டிரைவ்வேயின் ஓரத்தில் நிறுத்திவிடும் வழக்கம், ஒன்டாரியோவில் நம்மவர் செறிந்து வாழும் ஸ்கார்பரோ போன்ற பகுதிகளில் ஆண்டுதோறும் கண்ணில் படுகிறது. கேஸ்கெட்டை மாற்றினால் தீர்ந்திருக்கக்கூடிய அந்தப் பழுது, ஏப்ரலில் மெக்கானிக் வந்து பார்க்கையில், பிளாக்கே வெடித்து, இயந்திரத்தையே கழற்றி எறியும் நஷ்டமாக மாறியிருக்கிறது.

தண்ணீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் விரிகிறது. அந்த நெருக்குதலை வார்ப்பிரும்பும் தாங்காது, அலுமினியமும் தாங்காது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் பூஜ்யத்துக்குக் கீழே 37 பாகை வரை உறையாமல் நிற்கும். ஆனால் கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால், தண்ணீர் கலக்காமல் சுத்தமாக இருந்தால், பூஜ்யத்துக்குக் கீழே 13 பாகையிலேயே உறைந்துவிடும் என்பதை அறியாமல், "கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லது" என்று எண்ணுகிறவர்களும் உண்டு. அந்த எண்ணம் முற்றிலும் தவறு.

ஹெட் கேஸ்கெட் போன இயந்திரத்தைப் புதுக் கூலன்ட் நிரப்பி நிறுத்துவதும் உசிதமன்று. அது சிலிண்டருக்குள்ளும் எண்ணெய்க்குள்ளும் கசிந்து, பேரிங்குகளை அரித்துவிடும். ஆகவே முழுவதையும் இறக்கிவிடுவதே வழி. இயந்திரம் நன்றாக ஆறிய பின்பு, ரேடியேட்டரின் கீழ்க்குழாயைக் கழற்றுவதோடு நின்றுவிடாமல், பிளாக்கின் பக்கவாட்டில் வடிகால் திருகு இருந்தால் அதையும் திறந்து, ஹீட்டருக்குச் செல்லும் குழாய்களில் காற்றழுத்தத்தால் ஊதி, உள்ளே தங்கிய நீரையும் வெளியேற்றவேண்டும். ரேடியேட்டர் காலியானதால் பிளாக்கும் காலியாகிவிட்டது என்று நம்பித்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது எண்ணெய். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால், அதன் அடிப்புறத்தில் பால்காப்பி நிறத்தில் குழம்பு படிந்திருக்குமானால், தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி. எண்ணெய்த் தொட்டியின் அடித் திருகைத் திறந்தவுடன், கனமான தண்ணீர் முதலில் வடியும், எண்ணெய் பின்னால் வரும். முழுவதையும் வடித்து, ஃபில்டரையும் மாற்றிப் புது எண்ணெய் ஊற்றுங்கள். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சேமிப்பு எண்ணெயை (ஃபாகிங் ஆயில்) ஒவ்வொரு சிலிண்டரிலும் தெளித்து, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் வைத்துக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றவேண்டும். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது; சிலிண்டரில் தண்ணீர் நின்றிருந்து, பிளக்குகளும் மாட்டியிருந்தால், கனெக்டிங் ராட் வளைந்துபோகும். சார்ஜ் இறங்கிய பேட்டரி பூஜ்யத்துக்குக் கீழே 7, 8 பாகையிலேயே உறைந்து வெடிக்கக்கூடுமாதலால், முழுச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றிவிடுங்கள். "கூலன்ட் இல்லை, ஸ்டார்ட் செய்யாதே" என்று ஒரு காகிதத்தில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவையுங்கள். வசந்தத்தில் சாவியைத் திருகப்போவது வேறொருவராகவும் இருக்கலாம்.

இறக்கிய கூலன்டைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். இனிப்பான அந்த நஞ்சை நாயும் பூனையும் நக்கிச் சாகின்றன. எண்ணெயோடு கலக்காமல் தனிப் பாத்திரத்தில் மூடி, நகரசபையின் அபாயக் கழிவு சேகரிப்பு நிலையத்தில் ஒப்படையுங்கள்.

இனிக் காப்புறுதி. "கார் ஓடவில்லை, பணம் ஏன் கட்டவேண்டும்?" என்று சிலர் பாலிசியையே ரத்துச் செய்துவிடுகிறார்கள். அதனால் திருட்டுக்கும் தீக்கும் ஈடு இல்லாமல் போவதோடு, இடைவெளி விழுந்த சரித்திரம் பின்னால் பிரீமியத்தையும் உயர்த்தக்கூடும். ரத்துச் செய்யாதீர்கள். ஓ.பி.சி.எஃப். 16 என்ற இணைப்புப் பத்திரத்தைக் கேளுங்கள்: அது காரை ஓட்டுவதற்கான பாதுகாப்பை நிறுத்திவைத்து, திருட்டு, தீ முதலியவற்றுக்கான பாதுகாப்பைத் தொடரவைக்கிறது. வசந்தத்தில் ஓ.பி.சி.எஃப். 17 கொண்டு பழைய நிலைக்குத் திரும்பலாம். முகவர் தொலைபேசியில் "செய்துவிட்டேன்" என்று சொல்வது எதற்கும் உதவாது. பத்திரம் எழுத்தில் கைக்கு வரும்வரை விடாதீர்கள். கடன் தீராத காரானால், கடன் கொடுத்தவரிடம் முன்னரே கேட்கவேண்டும். 16 நடைமுறையில் இருக்கும்போது தெருவில் ஓட்டினால், காப்புறுதியின்றி ஓட்டிய குற்றத்துக்கு முதல் தடவைக்கே 5,000 டாலர் முதல் 25,000 டாலர் வரை அபராதம் விழலாம். அடுத்த தெருவிலுள்ள கராஜுக்குத்தானே என்று கூட ஓட்டாதீர்கள். டோ வண்டியை அழையுங்கள்.

ஓடாத காரைத் திறந்த முற்றத்தில் நெடுநாள் விடுவதை நகரசபை விதிகள் பலவிடங்களில் அனுமதிப்பதில்லை; கூரையுள்ள இடமே உத்தமம். கராஜ்காரரிடமே பனிக்காலம் முழுவதும் விட்டுவைப்பதானால், பழுதுக்கு எவ்வளவு, நிறுத்தி வைப்பதற்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுக்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டி அவர் கேட்கச் சட்டம் இடந்தரவில்லை. ஆனால் நியாயமான பாக்கியைச் செலுத்தாமல் விட்டால், காரைத் தம் வசம் வைத்துக்கொண்டு, முறைப்படி அறிவித்தல் தந்து விற்கும் உரிமை அவருக்கு உண்டு. முதல் உறைபனி இரவுக்கு முன் தண்ணீரை இறக்குங்கள். அதே வாரத்தில் முகவருக்கும் எழுதுங்கள்.