உடலின்றி நினைத்தல்: பெருந்தொற்று மரணங்களும் திருவள்ளூர் வட்டாரச் சாவுச் சடங்குகளும்

முன்னுரை

தமிழரின் சாவுச் சடங்குகள் இறந்தோரை வழியனுப்புதல், நினைத்தல் என இருகூறாக அமைந்தவை. முதற்கூறு உடலை மையமிட்டது. இரண்டாம் கூறு படம், கலசம், கல் முதலிய குறிகளை மையமிட்டது. 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனாப் பெருந்தொற்று முதற்கூற்றைப் பெரிதும் முடக்கியது. அம்முடக்கம் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் யாரை மிகுதியாகத் தாக்கியது என்பதையும், அவர்க்கு மரபு வைத்துள்ள வழி யாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

விதியும் வழக்கமும்

இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் 2020 மார்ச் 15 அன்று, தொற்றால் இறந்தோர் உடலைக் கையாளும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உடலைக் குளிப்பாட்டுதல், தழுவுதல், முத்தமிடுதல் ஆகியவை விலக்கப்பட்டன. இடுகாட்டில் ஒருமுறை முகம் பார்த்தல், நீர் தெளித்தல், மறை ஓதுதல் ஆகியவற்றிற்குத் தடையில்லை. சாம்பலால் ஆபத்தில்லை என்றும் அந்நெறிகள் கூறின.

நோய்த்தடுப்பு நோக்கில் இவ்விதி பொருத்தமானதே. ஆயினும் அது அனுமதித்த இறுதிப் பார்வை இடுகாட்டில் நிகழ்வது. இவ்வட்டார இந்துக் குடும்பங்கள் பலவற்றில் பெண்கள் இடுகாடு செல்வதில்லை, முச்சந்தியோடு நின்றுவிடுவர். ஒப்பாரி, மாரடித்தல், பிறந்த வீட்டுக் கோடி, வாய்க்கரிசி என அவர்கள் பங்குபெறும் சடங்குகள் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே நிகழ்பவை. மருத்துவமனையிலிருந்து உடல் நேரே இடுகாடு சென்றபோது ஆண்களுக்குச் சடங்கு சுருங்கியது. பெண்களுக்கோ அது முற்றிலும் இல்லாமற் போயிற்று. ஒப்பாரி அழுகை மட்டுமன்று. இறந்தவரின் வாழ்வை ஊரறியச் சொல்லும் வாய்மொழி வரலாறுமாகும். அவ்வகையில் பல வாழ்க்கைகள் சொல்லப்படாமலே போயின எனலாம்.

இடம் மறுக்கப்பட்ட உடல்கள்

அச்சம் இடுகாட்டையும் மறுத்தது. 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்திலிருந்த அம்பத்தூரில், 2020 ஏப்ரலில் நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை எரியூட்ட எதிர்ப்பு எழுந்தது. அதே மாதம் 19ஆம் நாள் சென்னையில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடல், கூட்டத்தினரின் தாக்குதலுக்கிடையே வேலங்காடு இடுகாட்டில் புதைக்கப்பட்டது. உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்திற்கு மாற்ற வேண்டும் என்று அவர் மனைவி சட்டவழியில் போராடினார். ஆண்டுதோறும் நவம்பர் 2இல் கல்லறைகளுக்கு மலரிட்டு விளக்கேற்றும் கிறித்தவர்க்குக் கல்லறையே நினைவின் இடம் என்பதை இப்போராட்டம் உணர்த்துகிறது. இந்நிகழ்வுகளைத் தொடர்ந்து, அறிவிக்கப்பட்ட நோயால் இறந்தோரின் அடக்கத்தைத் தடுப்பது 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத் திருத்தத்தின் வழி, ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பணிபுரியும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலத் தொழிலாளர்க்குத் தொலைவே தடையாயிற்று. 2020 மார்ச் 25 முதல் நாடு முடங்கியது. தொழிலாளர் சிறப்பு ரயில்கள் மே 1ஆம் நாள்தான் தொடங்கின. இடைப்பட்ட நாட்களில் ஊரில் நிகழ்ந்த சாவுக்குச் செல்லுதல் அரிதாயிற்று.

கல்லும் கலசமும்

உடலின்றி நினைத்தல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் நடுகல் வழிபாட்டை ஆறு நிலைகளாகக் கூறுகிறது. கல்லைக் கண்டு தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதாக அவை அமைகின்றன. இவற்றில் நீராட்டும் உணவும் பெறுவது உடலன்று, கல்லே என்பது கருதத்தக்கது.

வட தமிழகக் குடும்பங்களில் வழங்கும் பூவாடைக்காரி வழிபாடும் இத்தகையதே. மறைந்த பெண்ணை நீர்நிலையிலிருந்து கலசத்தில் அழைத்துவந்து, புடவையும் பூவும் சாத்திப் படையலிடுவர். திருமணம் போன்ற நற்செயல்களுக்கு முன் இது நிகழும். நினைவு இங்கு வீட்டுக்குள்ளேயே நிலைபெறுகிறது. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளக்கரையில் அமாவாசைதோறும் முன்னோர்க்கு நீர்க்கடன் செய்வோர்க்கும் உடலோ கல்லறையோ தேவைப்படுவதில்லை.

முடிவுரை

பெருந்தொற்று பறித்தது உடலைச் சார்ந்த சடங்குகளையே. குறிகளைச் சார்ந்த சடங்குகள் எஞ்சி நிற்கின்றன. அன்று பாடப்படாத ஒப்பாரியை ஆண்டுத் திதியிலோ படத்திறப்பிலோ பாடுவது மரபுக்கு முரணாகாது; கல்லின் முன் வாழ்த்தியவர்களின் வழி அதுவே. அவ்வொப்பாரிகளைப் பாடுவோரின் இசைவுடன் பதிவுசெய்வது நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும். மருத்துவமனைப் பதிவேடு இறப்பின் காரணத்தைச் சொல்லும். இறந்தவர் யார் என்பதை ஒப்பாரியே சொல்லும்.